புளியங்கொட்டையும் களிமண்ணும்: மழலையர் வகுப்பறைக்குள் இயற்கைப் பொருள்கள்

மழலையர் வகுப்புகளில் இன்று பரவலாகக் காணப்படும் பிளாஸ்டிக் காய்கறித் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள கத்தரிக்காயும் தக்காளியும் வாழைப்பழமும் நிறத்தாலும் உருவத்தாலும் மட்டுமே வேறுபடுவது புலப்படும். மூன்றும் உள்ளீடற்றவை, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வழவழப்பு, ஒரே வாசனை. கண்ணுக்கு அவை மூன்று பொருள்கள். கைக்கு ஒரே பொருள். மெய்யான கத்தரிக்காயிலோ காம்பருகே முள் குத்தும், நாலு நாள் வைத்திருந்தால் தோல் சுருங்கும், பிளந்தால் உள்ளே விதையும் சில சமயம் புழுவும் இருக்கும். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை உலகைப் பெரும்பாலும் தொட்டும் தூக்கியும் முகர்ந்துமே அறிகிறது என்பதால், இந்த வேறுபாட்டை வெறும் அழகியல் விருப்பமாக ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவில் இந்தக் கருத்து இப்போது கொள்கை ஆவணங்களிலும் இடம்பெற்றுவிட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டின் வழியே கற்பிக்க வேண்டும் என்றும், அதற்கு உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அவற்றுக்கான ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் விளையாட்டையே அடிப்படையாகக் கொண்டது. இன்னொரு பக்கம், பெருநகரங்களில் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகள் மூங்கில் கூடைகளில் மரத்துண்டுகளையும் கிளிஞ்சல்களையும் கூழாங்கற்களையும் அடுக்கி வைத்துப் படமெடுத்து விளம்பரம் செய்கின்றன. இரண்டு இடங்களிலும் இயற்கைப் பொருள் என்பதே ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் ஒரு பொருள் மரத்திலிருந்து விழுந்தது என்பதாலேயே அது எதையும் கற்பித்துவிடுவதில்லை. எந்தப் பொருள், எத்தனை, எந்த வயதுக் குழந்தையின் கையில், எவ்வளவு நேரம், அருகில் இருக்கும் பெரியவர் என்ன கேட்கிறார் என்பவைதாம் அதன் பயனை முடிவு செய்கின்றன.

இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு முரணும் உண்டு. கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல், அதற்கு முன்பு பெர்லினில் இருந்த கனிமக் காட்சியகத்தில் படிகவியல் அறிஞர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றியவர். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி இருந்தது. அதே சமயம், அவர் குழந்தைகளின் கையில் கொடுத்த ‘கொடைப் பொருள்கள்’ கம்பளிப் பந்துகளும், மரத்தாலான கோளம், கனசதுரம், உருளை போன்ற துல்லியமான வடிவங்களுமே. இயற்கை தோட்டத்தில் இருந்தது. மேசையின் மேல் இருந்ததோ வடிவியல். மரத்தால் செய்யப்பட்டதெல்லாம் இயற்கைப் பொருள் என்று இன்று கடைகளில் எழுதி ஒட்டுகிறார்கள். ஃப்ரோபெலின் கனசதுரத்தில் மரம் என்பது ஊடகம் மட்டுமே. அதன் முனை ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அது பயனற்றுப் போகும்.

மரியா மாண்டிசோரியின் பொருள்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கருவிகள் யாவும், ஒரே ஒரு பண்பைத் தனிமைப்படுத்திக் காட்டுவதற்காகச் செதுக்கப்பட்டவை. எடையை உணரப் பழக்கும் அவருடைய மரப்பலகைகளை எடுத்துக்கொள்ளலாம்: ஒரே அளவிலான சிறு பலகைகள் மூன்று வகை மரங்களில் 12, 18, 24 கிராம் எடையில் செய்யப்பட்டிருக்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு இரு உள்ளங்கைகளிலும் வைத்துக் குழந்தை எடையை ஒப்பிடும். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்த மாண்டிசோரி, அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவரும் அவருடைய மகன் மரியோவும் கொடைக்கானலில் இருந்தபோது, பல வயதுக் குழந்தைகளோடு இலைகளையும் செடிகளையும் நீர்வாழ் உயிர்களையும் கொண்டு செய்த பணிகள், பின்னாளில் பிரபஞ்சக் கல்வி என்று அவர் அழைத்த பாடமுறைக்கு உரமாயின. செதுக்கிய மரப்பலகையிலிருந்து காட்டு இலைக்கு அவர் கவனம் விரிந்த இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டு மலை என்பது இங்குள்ள ஆசிரியர் பயிற்சிகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றி, மாண்டிசோரி முறையை இந்தியச் சூழலுக்குக் கொண்டுவந்தவர் அவர். 1945-இல் மராட்டியக் கடற்கரையில் போர்டி என்னும் ஊரிலும், பின்னர் 1957 முதல் கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையிலும் அனுதாய் வாக்குடன் சேர்ந்து அவர் நடத்திய பள்ளிகளில், விலைமிகுந்த கருவிகளுக்கு இடமில்லை. விதைகள், கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், இலைகள், மண் ஆகியவை கருவிகளாயின. குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது ஆசிரியர்கள் குடிசைகளின் முற்றத்துக்குச் சென்றனர். மாடு மேய்க்கும் குழந்தைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்கும் சென்றனர். முற்றத்தில் நடந்த அந்த வகுப்புகளின் பெயரான ‘அங்கன்வாடி’ என்பதே, 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கும் அமைந்தது. ஆகவே அங்கன்வாடிக்குள் புளியங்கொட்டை வருவது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமையன்று. அந்த நிறுவனம் பிறந்த இடத்திலேயே இருந்த பழக்கம், இடையில் விட்டுப்போனது.

வெளிநாட்டிலிருந்து வந்த கருத்துகளுள் பயனுள்ள ஒன்று, சைமன் நிக்கல்சன் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் 1971-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த ‘உதிரிப் பாகங்கள்’ கோட்பாடு. ஒரு சூழலில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் மாற்றவும் கூடிய கூறுகள் எத்தனை உள்ளனவோ, அந்த அளவுக்கே அங்குள்ளவர்களின் கண்டுபிடிப்புத் திறனும் வளரும் என்பது அதன் சாரம். ஒரு பிளாஸ்டிக் கார் காராக மட்டுமே இருக்கும். நுங்கைத் தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களை, அதாவது வெறும் பனங்காய்களை, குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. குச்சியை உருவிவிட்டால் அவை அடுப்புக் கற்களாகலாம், மணல் அள்ளும் கிண்ணமாகலாம், தண்ணீரில் விட்டால் மிதக்குமா என்று பார்க்கும் பொருளாகலாம். நுங்கு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கோட்பாட்டைப் புரியவைக்க மேற்கோள் எதுவும் தேவையில்லை.

கோட்பாட்டை விட, கையும் மனமும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதே விரிவாகப் பார்க்க வேண்டியது. எண்ணுதலை முதலில் எடுத்துக்கொள்வோம். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே, கணித அறிஞரான நண்பர் ஒருவர் சொன்ன சிறு வயது நிகழ்வு ஒன்றை எடுத்துக்காட்டுவார். தரையில் அமர்ந்து கூழாங்கற்களை வரிசையாக வைத்து எண்ணிய அந்தச் சிறுவனுக்குப் பத்து வந்தது. மறுமுனையிலிருந்து எண்ணியபோதும் பத்து. வட்டமாக அடுக்கி எண்ணியபோதும் பத்து. வரிசையும் வட்டமும் கற்களுக்குள் இல்லை. மொத்தத் தொகையும் கற்களுக்குள் இல்லை. அடுக்கியதும் கூட்டியதும் சிறுவனின் செயல்கள். கற்கள் செய்த உதவி, எத்தனை முறை கலைத்து அடுக்கினாலும் மறுப்பின்றி இடம் மாறியது மட்டுமே. எனவே எண்ணறிவைப் பொறுத்தவரை, பொருளின் அழகைவிட அதைக் கலைத்து அடுக்கும் உரிமையே முக்கியமானது. சுவரில் ஒட்டிய எண் விளக்கப்படத்தில் பத்து மாம்பழங்கள் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் குழந்தையால் அவற்றை வட்டமாக மாற்றி வைக்க முடியாது.

இதையொட்டி ஓர் எதிர்பாராத முடிவும் ஆய்வில் கிடைத்திருக்கிறது. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்களான லோரி பீட்டர்சனும் நிக்கோல் மெக்னீலும் வெளியிட்ட ஆய்வு, மழலையர் பள்ளிக் குழந்தைகள் எண்ணும் பணிகளில் கண்ணைக் கவரும் பொருள்கள் என்ன விளைவை ஏற்படுத்துகின்றன என்று சோதித்தது. குழந்தைக்கு ஏற்கெனவே நன்கு தெரிந்த, விளையாட்டுப் பொருளாகப் பழகிய உருவங்களாக அவை இருந்தால், எண்ணுவதில் தடுமாற்றம் கூடியது. முன்பின் அறியாத பொருள்களாக இருந்தால், கவர்ச்சி உதவியாகவே அமைந்தது. குட்டி யானைப் பொம்மையைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு அது முதலில் யானை, பிறகுதான் ‘ஒன்று’. இதிலிருந்து நம் வகுப்பறைக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இது: எண்ணுவதற்குப் புளியங்கொட்டை மிகச் சிறந்தது, ஏனெனில் அது பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானது. வகைப்படுத்துவதற்கு அது அவ்வளவு பொருத்தமன்று. அதற்குக் கிளிஞ்சல்களும் இலைகளும் கூழாங்கற்களும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி ‘இயற்கை மூலை’ என்று பெயரெழுதி வைத்தால் இரண்டு பணியும் நடைபெறாது.

வகைப்படுத்தும்போதுதான் இயற்கைப் பொருளின் உண்மையான வலிமை வெளிப்படுகிறது. நிறப் பிளாஸ்டிக் வில்லைகளைக் கொடுத்தால் சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று பிரிப்பதோடு வேலை முடிந்துவிடும். விடை முன்பே தொழிற்சாலையில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பூவரசு, அரசு, வேம்பு, புளி, வாழை, மா ஆகியவற்றின் இலைகளைக் கொடுத்தால், எந்த அடிப்படையில் பிரிப்பது என்பதையே குழந்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு குழந்தை பெரியது, சிறியது என்று பிரிக்கும். இன்னொன்று வால் போன்ற நுனி உள்ள அரச இலையைத் தனியே வைக்கும். மற்றொன்று நசுக்கி முகர்ந்து பார்த்து வாசனையால் பிரிக்கும். வேப்பிலையில் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருப்பதைக் காட்டி, ‘இது ஓர் இலையா, நிறைய இலைகளா?’ என்று கேட்கும் நான்கு வயதுக் குழந்தை, தாவரவியலாளர்கள் கூட்டிலை என்று தனிப்பெயர் இட்டுத் தீர்த்துக்கொண்ட ஒரு சிக்கலைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு அன்றே விடை சொல்லிவிடாமல், ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்கும் ஆசிரியர் அருகில் இருந்தால்தான் இலை பாடமாகிறது. இல்லாவிட்டால் மாலையில் குப்பைக் கூடைக்குப் போகும்.

சொற்களும் இந்த இடத்தில்தான் பெருகுகின்றன. சொரசொரப்பு, வழவழப்பு, பிசுபிசுப்பு, மொடமொடப்பு, கொழகொழப்பு என்று தொடுவுணர்ச்சிக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் எல்லாம், தொட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால்தான் குழந்தையின் வாயில் வந்து சேரும். விளக்க அட்டைகளில் ‘கரடுமுரடு’ என்று அச்சிட்டு அதன் கீழே வழவழப்பான படத்தை வைப்பது எப்போதுமே விந்தையான காரியம்.

களிமண்ணுக்குத் தனி இடம் தர வேண்டும். கடைகளில் விற்கும் வண்ண மாவுகள் மென்மையானவை. விரல் நுனி அழுத்தமே போதும். நன்கு பிசைந்த களிமண்ணோ உள்ளங்கையையும் மணிக்கட்டையும் தோளையும் வேலை வாங்கும். எழுதுகோல் பிடிப்பதற்கு முன் கைக்கு வேண்டிய வலிமை இப்படித்தான் வருகிறது. மூன்றரை வயதுக் குழந்தையைக் கோடிட்ட நோட்டில் எழுத வைக்கத் துடிக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் முதலில் விளக்க வேண்டிய செய்தி இது. மண்பாண்டத் தொழிலாளர்கள் உள்ள ஊர்களில் அவர்களிடமே பதமான மண் கிடைக்கும். விநாயகர் சதுர்த்தியையொட்டிய வாரங்களில் பல சிறு நகரங்களிலும் கிடைக்கும். குளத்து மண்ணை எடுப்பதானால், விரல் பருமனுக்கு உருட்டி வளையமாக வளைத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விட்டால் அதில் மணல் அதிகம் என்று பொருள். ஈரச் சாக்கில் சுற்றி மூடியுள்ள வாளியில் வைத்தால் பல வாரங்கள் கெடாது. காய்ந்த களிமண்ணை மீண்டும் ஊறவைத்துக் குழைக்கலாம் என்பதைக் குழந்தைகளே செய்து பார்ப்பது, நீர் சேர்ந்தால் என்ன ஆகும், வெயில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கான முதல் அறிவியல் வகுப்பு. இதை ஒத்த இன்னொரு எளிய சோதனை மஞ்சள் நீர்: சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் அது ஆரத்திச் சிவப்பாக மாறும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் அரிக்கும் என்பதால் அதை ஆசிரியரே கலக்க வேண்டும்.

மணல் முன்பு மிக எளிதாகக் கிடைத்த பொருள். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒரு பகுதி அமையும் அளவுக்கு மணல்வீடு கட்டுவது தமிழ்க் குழந்தைமையின் அடையாளமாக இருந்தது. இன்று ஆற்று மணல் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது, விலையும் கூடியது. அதற்கு மாற்றாகக் கட்டுமானத்துக்குப் பயன்படும் எம்-சாண்டைக் குழந்தைகளின் மணல் தொட்டியில் கொட்டுவது சில இடங்களில் நடக்கிறது. அது பாறையை உடைத்துச் செய்யப்படுவது; துகள்கள் கூர்மையானவை, அதிலுள்ள நுண்தூசி மூச்சோடு உள்ளே போவது நுரையீரலுக்கு நல்லதன்று. ஆற்று மணலோ கடல் மணலோ கிடைக்காத ஊரில் மணல் தொட்டி வைக்காமல் இருப்பதே மேல். கிடைக்கும் இடத்திலும், சலித்து, வெயிலில் உலர்த்தி, இரவில் பூனையும் நாயும் அசுத்தம் செய்யாதபடி மூடி வைக்கும் ஏற்பாடு இல்லாமல் தொடங்கக் கூடாது.

இனி ஆபத்தைப் பற்றி. இயற்கையானது என்றால் பாதுகாப்பானது என்னும் நம்பிக்கை, இந்தத் துறையில் இருப்பவற்றுள் மிகக் கேடான நம்பிக்கை. ‘நாளைக்கு வீட்டிலிருந்து ஏதாவது விதை கொண்டு வாருங்கள்’ என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டால், மறுநாள் வகுப்புக்குள் குன்றிமணி வந்து சேரும். சிவப்பும் கறுப்பும் கலந்த அந்த அழகிய விதைக்குள் இருக்கும் அப்ரின், அறியப்பட்ட தாவர நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று. உறுதியான மேல்தோல் உடையாதவரை விழுங்கினாலும் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும்; மென்றாலோ, மாலை கோப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ நஞ்சு வெளிப்படும். இதற்கு மாற்றாகப் பயன்படும் மஞ்சாடி முழுவதும் ஒரே சிவப்பு, கறுப்புப் புள்ளி இராது, அளவிலும் பெரியது. பல்லாங்குழி ஆடிய வீடுகளில் பலருக்கும் பழக்கமானது. இரண்டையும் பிரித்தறியத் தெரியாத ஒருவர் மழலையர் வகுப்பில் சிவப்பு விதை எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

குன்றிமணியோடு இந்தப் பட்டியல் முடிவதில்லை. ஆமணக்கு விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வேலியோரம் வளரும் காட்டாமணக்கின் கொட்டையைக் கடலை போல நினைத்துத் தின்று வாந்தியும் பேதியுமாகக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவது கிராமப்புறங்களில் திரும்பத் திரும்ப நடப்பது. மஞ்சள் அரளியின் கொட்டை இதயத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தங்காயும், மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் விதையும் நஞ்சு. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பூனைக்காலிக் காய்களின் மேலுள்ள சுணை ஒரு வகுப்பையே சொறிய வைத்துவிடும். ஆகவே குழந்தைகள் பொறுக்கி வருவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவருவது முதலில் ஆசிரியரின் மேசைக்கு வந்து, அவர் பெயர் சொல்லக்கூடிய பொருள் மட்டும் கூடைக்குள் போக வேண்டும். பெயர் தெரியாததை வகுப்பறைக்குள் அனுமதிக்கக் கூடாது என்பது எளிய விதி. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பெயரைத் தெரிந்துகொள்வது அந்த விதியின் நல்ல பக்கவிளைவு.

நஞ்சைவிட அன்றாடம் நேரக்கூடியது மூச்சடைப்பு. வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை போன்றவை குழந்தைகளின் மூச்சுக்குழலில் சிக்குவது நம் நாட்டுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களுக்கு மிகவும் பழகிய செய்தி. மூக்கில் நுழைத்துக்கொண்ட கொண்டைக்கடலை ஈரத்தில் ஊறிப் பருத்து, எடுப்பதைக் கடினமாக்கும். பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரங்கள், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிக்கின்றன. அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எதையும் அந்த வயதினரிடம் கொடுக்கக் கூடாது. தடித்த அட்டையை இந்த விட்டத்துக்குச் சுருட்டி ஒட்டினால் எந்த மையத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், அங்கன்வாடியில் இரண்டு வயதுக் குழந்தையும் ஐந்து வயதுக் குழந்தையும் ஒரே அறையில் இருப்பார்கள். ஐந்து வயதுக்கு மிகப் பொருத்தமான புளியங்கொட்டை இரண்டு வயதுக்கு ஆபத்தானது. தேங்காய்ச் சிரட்டை, பனங்கொட்டை, நுங்குக் கூந்தல், மரக்கிளையை வட்டமாக அறுத்து உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய வில்லைகள், உள்ளங்கை அளவுள்ள ஆற்றுக்கற்கள் ஆகியவை எந்நேரமும் தரையில் இருக்கலாம். சிறு விதைகள் மூடியுள்ள டப்பாவில், உயரமான இடத்தில் இருக்க வேண்டும். இளைய குழந்தைகள் உறங்கும் நேரத்தில் மூத்தவர்களுக்கு மட்டும் பாயில் அமர வைத்து ஆளுக்குப் பத்து என்று எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த எண்ணிக்கையே அன்றைய எண்பாடமாகவும் அமைந்துவிடும்.

மண்ணில் விளையாடுவது உடல்நலத்துக்கு நல்லது என்று இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் முக்கியமானது, ஃபின்லாந்தில் லாஹ்தி, டாம்பரே நகரங்களின் பகல்நேரக் காப்பகங்களில் நடந்து 2020-இல் வெளியானது. சரளை பரப்பிய விளையாட்டு முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்தரையையும் பெயர்த்து வந்து பதித்து, 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளை 28 நாள் அங்கே விளையாடவிட்டபோது, தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைமை கூடியது. நோயெதிர்ப்பைச் சீராக்கும் சில இரத்தக் குறியீடுகளும் மேம்பட்டன. நோய்கள் குறைந்தன என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. மேலும், அது கொக்கிப்புழுத் தொல்லை இல்லாத குளிர்நாட்டின் மண். பிப்ரவரிதோறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்க வேண்டியுள்ள நாட்டில், அந்த முடிவை அப்படியே பெயர்த்து நட முடியாது. நம் மையங்களில் மண் விளையாட்டுக்கு முன்நிபந்தனை குழாய்த் தண்ணீரும் சோப்பும் காலில் செருப்பும்தான்.

இவையெல்லாம் சேர்ந்து ஒருவரின் தலையில்தான் விழுகின்றன. இயற்கைப் பொருளுக்கு விலை கிடையாது என்பது பயிற்சிக் கூட்டங்களில் எப்போதும் சொல்லப்படும் வாசகம். பொறுக்குவது, கழுவுவது, சிரட்டையின் நாரைச் சுரண்டி விளிம்பைக் கல்லில் தேய்ப்பது, புளியங்கொட்டையை உலர்த்தி வண்டு விழாமல் வேப்பிலையோடு டப்பாவில் போடுவது, உடைந்த கிளிஞ்சலை நீக்குவது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த விதைக் காய்களை எறிந்து புதியன தேடுவது என்று அதன் விலை முழுவதும் உழைப்பாகக் கொடுக்கப்படுகிறது. சத்துணவு, எடை பார்த்தல், கர்ப்பிணிகளுக்கான பணிகள், 2021 முதல் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றம் என ஏற்கெனவே நிரம்பிய நாளில் இருக்கும் அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் இதையும் செய்ய வேண்டும் என்றால், அதற்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தொகுப்பைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிடலாம்; அதனால்தான் அது வென்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெற்றோரின் தயக்கமும் இதே நேர்மையோடு கேட்கப்பட வேண்டியது. ‘மண்ணுல விளையாடவா பால்வாடிக்கு அனுப்புறோம்?’ என்று ஒரு தாய் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளுவது எளிது. நாள் முழுவதும் வயலிலோ செங்கல் சூளையிலோ மண்ணோடு கிடக்கும் ஒருவருக்குப் பள்ளி என்பது மண்ணிலிருந்து வெளியேறும் வழி. மண்ணைத் தொடாமலே வளரும் குழந்தைகளுக்கு அதே மண் கட்டணம் வாங்கி விற்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்தால் இன்னும் கசக்கும். இந்தத் தாய்க்கு இயற்கையின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. குழந்தை பத்துக் கொட்டைகளை இரண்டு குவியலாகப் பிரித்து ‘ஆறும் நாலும்’ என்று சொல்வதையும், களிமண்ணில் உருட்டிய கோடுகளை வளைத்து ‘ப’ என்று வைப்பதையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். மாதம் ஒரு நாள் பெற்றோரை அழைத்து வகுப்பில் உட்கார வைக்கும் மையங்களில் இந்தக் கேள்வி எழுவது குறையும் என்றே நினைக்கிறேன்.

எஞ்சியிருப்பது நிர்வாகம் சார்ந்த சிக்கல். கற்பித்தல் பொருள்கள் மையமாகக் கொள்முதல் செய்யப்பட்டு, ஆண்டுக்கு ஒரு முறை ஒரே பட்டியலாக நீலகிரிக்கும் இராமநாதபுரத்துக்கும் போய்ச் சேருகின்றன. இயற்கைப் பொருளின் நாள்காட்டி வேறு. மாசி, பங்குனியில் புளி உலுக்குகிறார்கள்; சித்திரை, வைகாசியில் நுங்கு; ஆனி, ஆடியில் வேப்பம்பழம்; ஆவணியில் களிமண். இராமநாதபுரத்தில் பனையும் கிளிஞ்சலும் கிடைக்கும் அளவுக்கு நீலகிரியில் கிடைக்கா; அங்கே யூகலிப்டஸ் காய்களும் ஊசியிலை மரக் கூம்புகளும் உண்டு. கொள்முதல் நிதியில் ஒரு சிறு பங்கை மூடியுள்ள டப்பாக்கள், வாளி, சல்லடை, உப்புத்தாள், பாய், கைகழுவும் தொட்டி ஆகியவற்றுக்கு என்று மையத்திடமே கொடுத்து, எதை நிரப்புவது என்பதை ஊழியரிடம் விட்டுவிடலாம். வட்டார அளவிலான மாதாந்திரக் கூட்டங்களில், எந்த விதை எங்கே கிடைக்கிறது, எது நஞ்சு என்பதைப் படத்தோடும் உள்ளூர்ப் பெயரோடும் பகிர்ந்துகொள்ள அரைமணி நேரம் ஒதுக்கலாம். பனைமரம் ஏறுபவரையும் மண்பாண்டம் வனைபவரையும் அந்த அரைமணி நேரத்துக்கு அழைத்து உரிய மதிப்பூதியம் கொடுத்தால், பயிற்சிக் கையேடு எதிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும்.